புறநோயாளிப் பிரிவிலேயே முடியும் சிறு மகளிர் நோய்ச் சிகிச்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு மயக்கம் கொடுக்காமல், வார்டில் சேர்க்காமல், வந்த அன்றே வீடு திரும்பும்படி செய்யப்படும் மகளிர் நோய்ச் சிகிச்சைகளைப் பற்றி, அவற்றுக்காக வருகிற பெண்களும், உடன் வருகிறவர்களும், இப்பிரிவில் புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் பொதுவானவை, உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

‘சிறு சிகிச்சை’ என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

கருப்பை உள்சவ்விலிருந்து மெல்லிய குழாய் வழியே திசு எடுக்கும் பயாப்சி, கருப்பைக்குள் மெல்லிய கேமராவை நுழைத்துப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோபி, அப்போதே தென்படும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியை வெட்டி எடுத்தல், கருப்பை வாயை உருப்பெருக்கி வழியே பார்க்கும் கால்போஸ்கோபி, அங்குள்ள மாறுபட்ட செல்களை மின்கம்பி வளையத்தால் அகற்றும் லீப் சிகிச்சை அல்லது சூட்டால் அழிக்கும் சிகிச்சை, காப்பர்-டி போன்ற கருப்பையகக் கருத்தடைச் சாதனங்களைப் பொருத்துதல், எடுத்தல், முற்றுப்பெறாத கருச்சிதைவில் கையால் இயக்கும் சிரிஞ்சைக் கொண்டு கருப்பையைச் சுத்தம் செய்தல், பிறப்புறுப்பு வாயிலருகே உள்ள பார்த்தோலின் சுரப்பிக் கட்டியிலிருந்து சீழ் வடித்துச் சிறு குழாய் வைத்தல் ஆகியவை முக்கியமானவை. ‘சிறு’ என்பது வெட்டின் அளவையும் ஆகும் நேரத்தையும் பார்த்து மருத்துவர்கள் வைத்த பெயர். காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பவருக்கு அது அவ்வளவு சிறியதாகத் தோன்றாது என்பதை நாங்கள் அறிவோம்.

என் தாயாருக்கு இதையே மயக்கம் கொடுத்து அறுவை அரங்கில் செய்தார்கள். இப்போது ஏன் சாதாரண அறையில் செய்கிறார்கள்?

மாறியது பெரும்பாலும் கருவிதான். கருப்பைக்குள் கண்ணால் பார்க்கும் முயற்சியை பாண்டலியோனி என்னும் மருத்துவர் 1869-லேயே பதிவு செய்திருக்கிறார். ஆயினும் அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, அதிக ரத்தப்போக்கு என்று வந்த பெண்களுக்கு டி அண்ட் சி என்னும் சுரண்டல்தான் வழக்கமாகச் செய்யப்பட்டது. கருப்பை வாயை உலோகக் கம்பிகளால் படிப்படியாக அகட்ட வேண்டியிருந்ததால் மயக்கம் தேவைப்பட்டது. மயக்கத்துக்கு அரங்கம் தேவைப்பட்டது. அரங்கத்துக்கு வெறும் வயிறும், ரத்தப் பரிசோதனைகளும், ஒரு நாள் படுக்கையும் தேவைப்பட்டன. இத்தனைக்கும் பிறகு மருத்துவர் எதையும் பார்ப்பதில்லை. கை உணர்வை நம்பிச் சுரண்டுவார். மூலையில் இருக்கும் பாலிப் அப்படியே விடுபட்டுப் போவது சாதாரணமாக நடந்தது. நோயறியும் முறையாக டி அண்ட் சியை மட்டும் நம்பக் கூடாது என்று சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ஆம் ஆண்டு வழிகாட்டலில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

இன்றைய நோயறி ஹிஸ்டிரோஸ்கோப், உறையோடு சேர்த்தே சுமார் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் தடிமன்தான். 1990-களில் இத்தாலியில் பெட்டோக்கி பரப்பிய முறைப்படி, பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் என்னும் கருவியையும் வைக்காமல், கருப்பை வாயைக் கொக்கியால் பிடித்து இழுக்கவும் செய்யாமல், செலைன் என்னும் உப்பு நீர் விரித்துத் தரும் வழியிலேயே கேமராவைச் செலுத்தலாம். கருப்பை வாயை அகட்டத் தேவையில்லை என்றானதும், அதற்காகக் கொடுத்த மயக்கமும், மயக்கத்துக்காக இருந்த அரங்கமும் தாமாகவே தேவையற்றுப் போயின.

அரங்கம் என்றால் எல்லா வசதியும் பக்கத்தில் இருக்கும். இங்கே செய்வது பாதுகாப்புக் குறைவு இல்லையா?

கேள்வி நியாயமானது. பாதுகாப்பு எதனால் கெடுகிறது என்பதைப் பார்த்தால் பதில் விளங்கும். இச்சிகிச்சைகளில் நாங்கள் அஞ்சுவன முக்கியமாக நான்கு: கருப்பைச் சுவரில் துளை விழுதல், ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, மயக்க மருந்தின் விளைவுகள். புறநோயாளிப் பிரிவில் நான்காவது ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. முதலாவதைப் பொறுத்தவரை, விழித்திருக்கும் பெண்ணே ஓர் எச்சரிக்கை மணி. கருவி செல்லக் கூடாத திசையில் அழுத்தினால் அவர் உடனே சொல்லிவிடுவார். மயக்கத்தில் இருப்பவர் சொல்ல மாட்டார்.

இது வெறும் ஊகமன்று. பிரிட்டனில் ரத்தப்போக்கு காரணமாகப் பாலிப் அகற்ற வேண்டியிருந்த 507 பெண்களை, விழித்த நிலையில் புறநோயாளிப் பிரிவில் செய்துகொண்டவர்கள், அரங்கில் மயக்கத்தில் செய்துகொண்டவர்கள் என இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015-இல் பி.எம்.ஜே. என்னும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சிகிச்சை பலனளித்ததாகச் சொன்னவர்கள் புறநோயாளிக் குழுவில் 73 விழுக்காடு, அரங்கக் குழுவில் 80 விழுக்காடு. கருப்பையில் துளை விழுந்த நிகழ்வுகள் நான்கு. நான்குமே அரங்கில் நடந்தவை. அவற்றில் ஒருவருக்குக் குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க நேர்ந்தது.

அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாலிப்பை முழுதும் அகற்ற முடியாமல் போனது புறநோயாளிக் குழுவில் 19 விழுக்காடு. அரங்கில் 7 விழுக்காடுதான். வலி பொறுக்க முடியாமலோ, வழி குறுகலாக இருந்தோ, பாலிப் பெரிதாக இருந்தோ பாதியில் நிறுத்தியவையும் இதில் அடங்கும். எனவே இங்கு நீங்கள் ஏற்றுக்கொள்வது, பெரிய ஆபத்து குறைவாகவும் ‘இன்னொரு முறை வர வேண்டியிருக்கலாம்’ என்கிற வாய்ப்பு அதிகமாகவும் உள்ள ஓர் ஏற்பாடு. பெரும்பாலோருக்கு இது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு ஒப்புதல் தர வேண்டும்.

வலிக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

வலிக்கலாம். ‘கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும்’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் பழக்கம் மருத்துவத் துறையில் நெடுநாள் இருந்தது, இன்னும் இருக்கிறது. பலருக்கு மாதவிடாய் வலியைப் போன்ற இழுப்போடு முடிந்துவிடுகிறது. சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. குறிப்பிட்ட ஒரு பகுதியினருக்கோ கடுமையான வலி உண்டாகிறது. யாருக்கு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இயலாது. எனினும் பிறப்புறுப்பு வழியாகப் பிரசவம் ஆகாதவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், மாதவிடாய்க் காலத்தில் ஏற்கெனவே கடும் வலி உள்ளவர்கள், முந்தைய பரிசோதனைகளில் துன்பப்பட்டவர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கு வலி கூடுதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அனுபவத்திலும் ஆய்விலும் தெரிந்தது. இவற்றில் எது பொருந்தினாலும் முன்பே சொல்லிவிடுங்கள். காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை. ‘எனக்கு இது கடினம்’ என்று சொன்னாலே போதும்.

வலியைக் குறைக்கச் செய்யக்கூடியவை பல. ஒவ்வாமையோ, வயிற்றுப்புண்ணோ, சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையைச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே விழுங்கிவிட்டு வருவது நல்லது. படுக்கையில் ஏறிய பிறகு விழுங்கும் மாத்திரை வீட்டுக்குப் போன பிறகுதான் வேலை செய்யும். கருவி எவ்வளவு மெல்லியதோ, செலைன் செலுத்தும் அழுத்தம் எவ்வளவு குறைவோ, வலியும் அவ்வளவு குறையும். கருப்பை வாயைச் சுற்றி மரப்பு ஊசி போடலாம். நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயுவை நோயாளியே முகமூடியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் வசதி சில இடங்களில் உண்டு. காப்பர்-டி பொருத்தும்போதும் வலி குறித்து முன்னதாகவே பேச வேண்டும், மரப்பு மருந்து வலியைக் குறைக்க உதவலாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. இது மிகத் தாமதமாக வந்த பரிந்துரை என்றே சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட மலிவானது, தலைமாட்டில் நிற்கும் ஒரு செவிலியர். அவருடைய வேலை கருவி எடுத்துக் கொடுப்பதன்று. முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பது. கருவியை எடுத்துத் தருபவரையே இதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லும் இடங்களில் இரண்டு வேலையும் அரைகுறையாகவே நடக்கும்.

‘நிறுத்துங்கள்’ என்றால் உண்மையிலேயே நிறுத்துவார்களா?

நிறுத்த வேண்டும். தொடங்குவதற்கு முன்பே, எந்தச் சொல்லைச் சொன்னால் அல்லது எந்தக் கையைத் தூக்கினால் நிறுத்துவது என்று பேசிக்கொள்வது எங்கள் வழக்கம். ‘இதோ முடிந்துவிட்டது, ஒரே நிமிடம்’ என்று சொல்லித் தொடர்வது, ஒப்புதல் திரும்பப் பெறப்பட்ட பிறகும் சிகிச்சை செய்வதாகும். கருவி எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து வெளியே எடுக்கச் சில நொடிகள் ஆகலாம். அதற்கு மேல் ஆகக் கூடாது.

மரப்பு ஊசியை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா?

போடக் கூடாது, இங்கே கணக்கு மிக முக்கியம். மரப்பு மருந்தான லிக்னோகெய்னுக்கு, அட்ரினலின் சேராதபோது, உச்ச அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 225 மில்லிகிராம். ஒரு விழுக்காட்டுக் கரைசலில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 10 மில்லிகிராம் இருப்பதால், சுமார் 22 மில்லிலிட்டரோடு நிறுத்திவிட வேண்டும். மேசையில் இருப்பது இரண்டு விழுக்காட்டுக் குப்பி என்றால், அதே அளவு 11 மில்லிலிட்டரிலேயே முடிந்துவிடும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இந்த இரண்டு குப்பிகளைத் தட்டில் அடுத்தடுத்து வைக்காமல் இருப்பதும், எடையைச் சீட்டில் எழுதி அதன் பக்கத்திலேயே உச்ச அளவையும் எழுதிவைப்பதும், எங்கள் அறையில் விவாதத்துக்கு இடமில்லாத விதிகள்.

ஊசியை அழுத்துவதற்கு முன் பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். போட்ட பின் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் தொடங்கினால் ஊசி போட்டதே வீண். நாக்கோ உதடோ மரத்துப்போதல், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் ஆகியவை மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்ததற்கான முதல் அறிகுறிகள். உடனே சொல்ல வேண்டும். அட்ரினலின் கலந்த ஊசிக்குப் பிறகு சில நிமிடம் நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் வேறு. அது மருந்தின் இயல்பு, ஒவ்வாமை அன்று. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயத்தினாலேயே படபடப்பு இரட்டிப்பாகும்.

நடுவில் மயங்கி விழுந்துவிட்டால்?

கருப்பை வாயைத் தொட்டு அகட்டும்போது சிலருக்கு வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென இறங்கும். இப்பிரிவில் அவ்வப்போது நேரக்கூடிய அவசரநிலை இதுதான். கருவிகள் காட்டுவதற்கு முன்னால் முகம் காட்டிவிடும். அதுவரை கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தொடங்குவார், ஒரு கொட்டாவி விடுவார், மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை அரும்பும், உதடு வெளிறும். ‘குமட்டுகிறது’ என்று அவர் சொல்லும் நேரத்தில் கருவி வெளியே வந்திருக்க வேண்டும். தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தினால் பெரும்பாலோர் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார்கள். நாடி மீளாமல் தாழ்வாகவே இருந்தால் நாடியை உயர்த்தும் அட்ரோபின் மருந்து 0.6 மில்லிகிராம் ரத்தக் குழாய் வழியே தரப்படும்.

இதற்காகத்தான் எங்களிடம் அட்ரோபின், ஆக்சிஜன், ரத்தக் குழாயில் மருந்து செலுத்தும் ஊசிக் குழாய், அட்ரினலின், உயிர்காப்புப் பெட்டி ஆகியவை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறோம். படுக்கையைத் தலைப்பக்கம் சாய்க்கும் நெம்புகோல் வேலை செய்கிறதா என்று காலையில் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. தேவைப்படும் வேளையில்தான் அது இறுகிப்போய்க் கிடப்பது தெரியவரும். சிகிச்சைக்கு முன் பட்டினி கிடக்க வேண்டாம், லேசாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. மயக்க ஊசியோ ரத்தக் குழாய் வழி அமைதி மருந்தோ தரப்போவதாக இருந்தால் மட்டும் பட்டினி விதி வேறு.

யாருக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது?

கர்ப்பமாக இருப்பவர்கள், அல்லது கர்ப்பம் இல்லை என்று உறுதிப்படுத்த முடியாதவர்களுக்குக் கருப்பைக்குள் கருவி செலுத்தும் எந்தச் சிகிச்சையும் செய்யலாகாது. கருச்சிதைவுக்கான சுத்தம் இதற்கு விலக்கு. இடுப்புறுப்புகளில் கிருமித் தொற்று தீவிரமாக இருக்கும்போதும் தள்ளிவைக்க வேண்டும். கடுமையான இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், ஸ்பெக்குலப் பரிசோதனையையே தாங்க இயலாதவர்கள் ஆகியோருக்கு முழு வசதியுள்ள அரங்கமே ஏற்றது. ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிட்டு வரக் கூடாது. நிறுத்துவதால் வரும் ஆபத்து சில வேளைகளில் சிகிச்சையின் ஆபத்தை விடப் பெரியது. மின்சாரத்தைப் பயன்படுத்தும் லீப் போன்ற சிகிச்சைக்கு வருகிறவர்களின் உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே தெரிவிக்க வேண்டும்.

இவற்றைத் தவிர, ‘எனக்கு விழித்திருந்து செய்துகொள்ள விருப்பமில்லை’ என்பதும் முழுமையான ஒரு காரணமே. அதற்கு மருத்துவக் காரணம் தேடிக் காட்ட வேண்டியதில்லை.

ஆன்டிபயாடிக் தரவில்லையே, மறந்துவிட்டார்களா?

பெரும்பாலும் மறக்கவில்லை. ஹிஸ்டிரோஸ்கோபி, உள்சவ்வு பயாப்சி, கால்போஸ்கோபி, லீப், காப்பர்-டி ஆகியவற்றுக்கு வழக்கமாக முன்காப்பு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கருச்சிதைவுக்குப் பின் உறிஞ்சி எடுக்கும் சிகிச்சைக்குத் தேவை. அங்கே கட்டாயம் கேளுங்கள்.

கருவிகள் சுத்தமானவை என்று எப்படி நம்புவது?

கருவி உடலில் எங்கே செல்கிறது என்பதைக் கொண்டே அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று தீர்மானிக்கிறார்கள். கருப்பைக்குள் செல்வது கிருமியே இல்லாததாக இருக்க வேண்டும். உறை மாட்டிய ஸ்கேன் கருவியாயினும், பிறப்புறுப்புக்குள் செல்வதால், உறையைக் கழற்றித் துடைத்துவிட்டால் போதாது; உயர்நிலைக் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். இதில் அடிக்கடி தவறுவது ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கிருமிநீக்கக் கலம் அன்று. அதற்கு முந்தைய கழுவுதல்தான். காய்ந்த ரத்தத்துக்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். மெல்லிய குழாயின் உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்து நீர் பாய்ச்சிக் கழுவிய பிறகே 134 டிகிரியில் 3 நிமிடமோ 121 டிகிரியில் 15 நிமிடமோ தாங்கும் நீராவிச் சுழற்சிக்குப் பொருள் உண்டு. வெப்பம் தாங்காத கருவிகளை இரண்டு விழுக்காட்டு குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறவைப்பது உயர்நிலைக் கிருமிநீக்கம் மட்டுமே. அதே திரவத்தில் முழு நுண்ணுயிர் நீக்கம் வேண்டுமென்றால் 10 மணி நேரம் ஆகும்.

ஒரு காலைப் பொழுதில் எத்தனை பேருக்கு ஹிஸ்டிரோஸ்கோபி செய்யலாம் என்பதை மருத்துவரின் கைவேகம் தீர்மானிப்பதில்லை; கையில் எத்தனை ஹிஸ்டிரோஸ்கோப் இருக்கிறது, ஒன்றைக் கழுவித் திரும்பக் கொண்டுவர எவ்வளவு நேரமாகிறது என்பவையே தீர்மானிக்கின்றன. இரண்டு கருவியை வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்குச் சீட்டு கொடுத்தால், நான்காவது ஆளிலிருந்து யாரோ ஒருவர் கழுவும் நேரத்தைச் சுருக்குவார். அது அவர் தவறு என்பதை விட, சீட்டு கொடுத்தவரின் தவறு.

காப்பர்-டி கருப்பையைக் கிழித்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும் என்கிறார்களே?

நடக்கக் கூடியதுதான், ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவர் என்கிற அளவில் நடக்கிறது. பாலூட்டிக் கொண்டிருப்பவர்களுக்கும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல். கருப்பை முன்பக்கமோ பின்பக்கமோ எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதைக் கையால் பரிசோதித்து, ஆழத்தை அளந்த பிறகே சாதனத்தைச் செலுத்த வேண்டும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பரிசோதனைதான். இதை விட அதிகம் நடப்பது சாதனம் தானாக வெளியே வந்துவிடுதல்: ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் ஆண்டில், மாதவிடாயோடு சேர்ந்து நழுவிவிடும். சாதனத்தின் நுனியில் தொங்கும் நூல் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், கண்டுபிடிக்கும் வரை வேறு கருத்தடை முறையைப் பயன்படுத்த வேண்டும். முதலில் கர்ப்பப் பரிசோதனை, அடுத்து ஸ்கேன், கருப்பைக்குள் காணவில்லை என்றால் வயிற்று எக்ஸ்ரே என்பது தேடும் ஒழுங்கு. ஸ்கேனில் இல்லை என்றவுடன் ‘விழுந்திருக்கும்’ என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றைப் பொருத்திவிடுவது, வயிற்றுக்குள் ஒன்றும் கருப்பைக்குள் ஒன்றுமாக இரண்டோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதில் முடியலாம்.

கால்போஸ்கோபி செய்த அன்றே லீப் சிகிச்சையும் செய்துவிடலாமா?

சிலருக்குச் செய்யலாம். செல் பரிசோதனை முடிவும் கடுமையான மாற்றத்தைக் காட்டி, அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும்போது கருப்பை வாயும் அதையே காட்டினால், ஒரே வருகையில் முடிப்பது நல்லது. பயாப்சி முடிவுக்காக அனுப்பிவிட்டுத் திரும்ப வரச் சொன்னால் சிலர் வருவதே இல்லை. ஆனால் லேசான மாற்றத்துக்கு இப்படி அவசரப்படுவது தேவையற்ற வெட்டு. லேசான மாற்றங்களில் பெரும்பகுதி, குறிப்பாக இளவயதினருக்கு, தானாகவே மறைந்துவிடும். வெட்டும் ஆழம் கூடக் கூடப் பிற்காலக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவ வாய்ப்பும் கூடுகிறது. பத்து மில்லிமீட்டருக்கு உட்பட்டு முடிவதற்கும் பதினைந்தைத் தாண்டுவதற்கும் உள்ள வேறுபாடு, குழந்தை வேண்டும் என்றிருப்பவருக்குப் பெரிய வேறுபாடு.

லீப் முடிந்த பிறகு கருப்பை வாய்ப் புண்ணில் ரத்தத்தை நிறுத்தும் இரும்புச் சத்துள்ள பசையைத் தடவுவதுண்டு. அடுத்த சில நாட்கள் கரும்பழுப்பாகத் துகள் துகளாக வெளிப்படுவது அதுதான், அழுகல் அன்று. நான்கு வாரம் உடலுறவும், உள்ளே வைக்கும் டாம்பூனும் வேண்டாம். புண்ணின் பொருக்கு உதிரும் ஒன்று, இரண்டு வார இடைவெளியில் ரத்தம் திடீரெனக் கூடலாம் என்பதை நினைவில் வையுங்கள். ‘பத்து நாள் நன்றாகத்தானே இருந்தேன்’ என்று வியந்தபடி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்நாட்களில்தான் வருகிறார்கள்.

கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்னும் வைரஸுக்கான பரிசோதனையை அடிப்படையாகக் கொண்டு ‘கண்டறிந்தவுடன் சிகிச்சை’ என்னும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. சுமார் 100 டிகிரி சூட்டிலுள்ள முனையை 20 முதல் 30 நொடி வரை கருப்பை வாயில் வைக்கும் வெப்பச் சிகிச்சை இதில் அதிகம் பயன்படுகிறது. மாற்றம் கருப்பை வாயின் உட்கால்வாய்க்குள் நீண்டிருந்தாலும், புற்றுநோய் என்ற ஐயம் இருந்தாலும் இது கூடாது. சூட்டால் அழித்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியாது.

பயாப்சியில் ஒன்றுமில்லை என்று வந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. என்ன செய்வது?

திரும்ப வாருங்கள். உள்சவ்வு பயாப்சிக் குழாய் சுமார் 3 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. கருப்பை உட்புறத்தின் ஒரு சிறு பகுதியை மட்டுமே அது தொடுகிறது. உள்சவ்வு முழுதும் பரவிய நோயை அது நன்றாகப் பிடிக்கும். ஒரு மூலையில் மட்டும் உள்ள பாலிப்பையோ சிறு புற்றையோ தாண்டிப் போய்விடலாம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தம் பட்டு, பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உள்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ரத்தம் மீண்டும் மீண்டும் பட்டால், அளவு எதுவாக இருந்தாலும் ஹிஸ்டிரோஸ்கோபியில் நேரில் பார்க்க வேண்டும். ‘திசு போதவில்லை’ என்று வரும் அறிக்கையை ‘நோய் இல்லை’ என்று படித்துவிடுவது, நாங்களே சில வேளை செய்கிற பிழை.

கருப்பைக்குள் செலைன் செலுத்துகிறார்களே, அது உடலில் சேர்ந்துவிடாதா?

ஒரு பகுதி சேரும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்ற கழித்தல் கணக்கை ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். உடல்நலமுள்ளவருக்குச் செலைனில் 2,500 மில்லிலிட்டர் வித்தியாசத்தை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் எல்லை 1,500. சில நிமிடம் நீடிக்கும் நோயறி ஹிஸ்டிரோஸ்கோபி இந்த எண்களின் பக்கமே வராது. பழைய முறையில் பயன்பட்ட கிளைசின் திரவம் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும் என்பதால் அதன் எல்லை 1,000 மட்டுமே. செலைனிலேயே இயங்கும் இருமுனை மின்கருவிகள் வந்தது இந்தக் கவலையைப் பெரிதும் குறைத்துவிட்டது.

கருச்சிதைவுக்குச் சிரிஞ்சால் சுத்தம் செய்வது போதுமானதா?

கருப்பை பன்னிரண்டு வார அளவுக்குள் இருந்தால், 60 மில்லிலிட்டர் கைச் சிரிஞ்சு, மின்சார உறிஞ்சுக் கருவிக்கு இணையாகவே வேலை செய்கிறது. இரும்புக் கரண்டியால் சுரண்டும் பழைய முறையை விட்டு இதற்கு மாற வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இயந்திர ஓசை இல்லாதது ஒரு சிறு நன்மையாகத் தோன்றலாம். அந்த நிலையில் படுத்திருப்பவருக்கு அது சிறிதன்று. இவர்களைக் காப்பர்-டிக்கும் கர்ப்பப் பரிசோதனைக்கும் வந்தவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வைக்காமல் இருந்தால் அதுவே பாதிச் சிகிச்சை.

வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ஒன்றிரண்டு நாள் லேசான இழுப்பும், சில நாள் சிறு ரத்தக்கசிவும் இயல்பு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலும், காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினாலும், கசிவில் துர்நாற்றம் வந்தாலும், வலி மாத்திரைக்குக் கட்டுப்படாமல் வலி ஏறிக்கொண்டே போனாலும், வயிறு உப்பி வாந்தி எடுத்தாலும் விடிவதற்காகக் காத்திருக்காமல் வர வேண்டும். கடைசியில் சொன்னது கருப்பையிலோ குடலிலோ துளை விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம்; சிகிச்சை முடிந்து ஓரிரு நாள் கழித்தும் அது வெளிப்படும்.

அறையை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களிடமிருந்து திசு எடுத்திருந்தால், அதைப் போட்ட ஃபார்மலின் குப்பியை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். பெயர், வயது, பதிவு எண், எந்த இடத்துத் திசு, தேதி ஆகிய ஐந்தும் மூடியின் மேல் அல்லாமல் குப்பியின் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், மூடிகள் மாறிப்போகும். பரிசோதனை முடிவை நீங்கள் வந்து வாங்குவதா, அவர்கள் அழைத்துச் சொல்வதா, எந்தத் தேதிக்குள் என்பதையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி கடந்தும் அழைப்பு வரவில்லை என்றால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; நீங்களே அழைத்துக் கேளுங்கள்.